லீவு நாளில் ஒரு கஸ்டமர்

சீ! மீரான் வாயிலிருந்ததைத் தரையிலேயே துப்பினான். நேற்றோ முந்தாநாளோ பாதி குடித்து வைத்த டீயில், பாலேட்டின்மேல் ஒரு கரப்பான் மல்லாந்து செத்துக் கிடந்தது. அதன் கால்தான் உதட்டில் பட்டிருக்கிறது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கடைக்கு மேலே இருந்த அவன் அறை இப்போதுதான் அவனுக்கு நாறியது. பூசணம் பிடித்த ரொட்டி, எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்த தலையணை. தூ! ஊரில் பெத்த வாப்பா மௌத்தாகி, அடக்கத்துக்குப் போக லீவு கிடைக்காமல் இங்கேயே நின்றுபோன நாளிலிருந்து அவனுக்கு அழுகையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. மாசக்கணக்கில் மரத்துக் கிடந்தவனுக்கு முதலில் திரும்பி வந்தது இந்த அருவருப்புதான்.

கீழே அவன் பரிமாறுகிற மமாக் சாப்பாட்டுக்கடையில் ஒரு கஸ்டமருக்கு இப்படி நடந்திருந்தால்? "சாரி லா பாஸ்" என்று ஓடிப்போய், மேசையைத் துடைத்து, வேறு டீ வைத்திருப்பான். எவனெவனுக்கோ அவ்வளவு மரியாதை, எனக்கு மட்டும் கரப்பான் ஊறின தண்ணியா? தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

துப்பவில்லை. தரையைத் துடைத்தான். கிளாஸை வெந்நீரில் கழுவினான். புதுசாக டீ போட்டு, கடையில் ஆற்றுவதுபோலவே நுரை பொங்க ஆற்றி, ஸ்டூல்மேல் வைத்தான். தோளில் துண்டோடு நின்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டான்.

"பாஸ், சாப்பிட என்ன?"

பிறகு அவனே போய் அதில் உட்கார்ந்தான். யோசிக்கிற கஸ்டமரை அவசரப்படுத்தாததுபோல் தன்னையும் அவசரப்படுத்தவில்லை.

"பசிக்குது, வாப்பா."