ஓர் உழக்குத் தவிடு

"குடுக்கா. புள்ளைய எங்கையில குடுன்னா..."

"குடுக்கமாட்டேன்னு யாருடி சொன்னா, தூங்கிகினு கீறான், எழுந்ததும்..."

"தூங்கினா இன்னா? எம்மடியில தூங்கமாட்டானா?"

"தூங்குவானா? போட்டுப் பாரேன். இந்தா, போட்டுப் பாரு!"

கஸ்தூரி போட்டுப் பார்த்தாள். ரங்கம்மாளின் தோளிலிருந்து இவள் மடிக்கு இறங்குவதற்குள் பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டான். இவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். உதடு பிதுங்கியது. பிறகு இரண்டு கைகளையும் ரங்கம்மாள் பக்கம் நீட்டி, "ம்மா" என்றான்.

'பாத்தியா' என்று ரங்கம்மாள் சொல்லியிருந்தால்கூடக் கஸ்தூரி பொறுத்திருப்பாள். அவள் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டியபடி லேசாகச் சிரித்தாள். கஸ்தூரிக்கு மிளகாயை அரைத்து நெஞ்சில் அப்பியது போல் எரிந்தது.

இருவரும் ஓரகத்திகள். பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், அண்ணன் செங்கல்வராயன் குடிசையும் தம்பி சிங்காரம் குடிசையும் ஒரே முற்றத்தைப் பார்த்து நின்றன. மூத்தவள் ரங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை. இளையவள் கஸ்தூரிக்குப் பிறந்த முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று பெயர் வைக்குமுன் போயிற்று, மற்றது பல் முளைக்கும் காலத்தில். அதனால் மூன்றாவது பிறந்தபோது ஊர் வழக்கப்படி செய்தார்கள். குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தாள் கஸ்தூரி. தற்செயலாக அந்த வழியே வருகிறவள் போல வந்த ரங்கம்மாள், ஓர் உழக்குத் தவிட்டைக் கொடுத்துவிட்டு அவனை எடுத்துக்கொண்டாள். தவிடன் என்று பெயரும் வைத்தாள். பெற்றவளே வேண்டாமென்று தவிட்டுக்குத் தள்ளிவிட்ட பிள்ளை, இதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று எமன் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம். முடி இறக்கும் நாளில் அதே உழக்குத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரை பெற்றவள் அவனைத் தன் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது.

கஸ்தூரி சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்கவுமில்லை. எமனுக்குத் துளி சந்தேகம் வரக் கூடாதென்று, பால் கொடுக்கும்போதெல்லாம், "சின்னம்மாகிட்ட பால் குடிக்கிறியாடா? சின்னம்மா மேல கோவமாடா?" என்று வாய் ஓயாமல் பேசினாள். முற்றத்தைக் காட்டி, "தோ பாரு, ஒங்கம்மா இறால் உரிக்கறா" என்றாள்.

பிள்ளை கெட்டிக்காரன். சொல்லிக் கொடுத்ததைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். ரங்கம்மாளை அம்மா என்றான். செங்கல்வராயனை நைனா என்றான். பாலைக் குடித்து முடித்ததும், இன்னும் வாயோரம் வழிந்துகொண்டிருக்க, முற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவான். முதல் அடி எடுத்து வைத்ததும் அந்தப் பக்கம்தான். நண்டுச் சதையை உதிர்த்துப் பிசைந்த சோறு ரங்கம்மாள் கையிலிருந்து இறங்கும். கஸ்தூரி ஊட்டினால் துப்புவான். தூக்கம் வந்தால் ரங்கம்மாளின் காது மடலைப் பிடித்துக்கொள்வான், அதில் ஒரு பெரிய ஓலைத்தோடு ஆடிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாமல் கஸ்தூரியும் ஒரு நாள் பனையோலையைச் சுருட்டி அதே அளவில் காதில் செருகிக்கொண்டு அவனைக் கிடத்தினாள். அவன் தொட்டுப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

அவள் பத்தாவிக்குப் போகச் சம்மதித்ததே இதனால்தான். கடலுக்கு அப்பால், சாவகத் தீவில் ஒல்லாந்தர் கட்டிய பட்டணம் அது. கும்பினிக் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சலங்குப் படகு ஓட்டுகிறவன் சிங்காரம். அவனைப் பத்தாவித் துறையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளையை அழைத்து வரலாம் என்றும் சொன்னார்கள்.

"பயமா கீதாமே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் சிங்காரம்.

"அங்க நம்ம குப்பத்து ஜனம் யாராச்சும் கீறாங்களா?"

"நெசவுக்காரங்க கொஞ்ச பேர் போயிருக்காங்களாம். நம்மாளு ஒருத்தரும் இல்ல."

"ஒங்கண்ணன் பின்னாலயே வந்துடமாட்டாரே?"

"அவரா? தோ பக்கத்துல கீற பொன்னேரிக்குப் போறதுக்கே ஊரு வுட்டு ஊரு போறேன்னு அழுவாரு."

"அப்ப கப்பல் எப்பய்யா?" என்றாள் கஸ்தூரி.

கப்பல் வந்துவிட்டது. வாடைக்காற்று பிடிக்குமுன் கிளம்ப வேண்டும். விடிந்தால் ஏற வேண்டும். அதனால்தான் இன்றைக்கு இந்தச் சண்டை.

கஸ்தூரி விடுவிடுவென்று குடிசைக்குள் போனாள். போன வேகத்தில் ஒரு முறத்தோடு வந்தாள். அதே பழைய முறம். நடுவில் தவிடு குவிந்திருந்தது. அதை ரங்கம்மாளின் காலடியில் வைத்தாள்.

"இன்னாடி இது?"

"தெரியலியா? நீ அளந்த அதே ஒழக்குல அளந்துகினு வந்தேன். வாங்கிக்க. வாங்கிகினு, 'ஒம்புள்ளைய எடுத்துக்க'ன்னு ஒரு வார்த்த சொல்லு."

"முடி எறக்கறப்ப தானே பேச்சு?"

"முடி எறக்க நாங்க இங்க இருந்தாத்தானே!"

"அப்ப வுட்டுட்டுப் போ. ரெண்டு வருசம் போவட்டும். அங்க நல்லா காலூனிகினு வந்து கூட்டிகினு போ."

"வுட்டுட்டா? யோவ், கேட்டியா ஒங்கண்ணி பேச்ச? வுட்டுட்டுப் போணுமாம்!"

முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்த சிங்காரம் தலை நிமிராமல் சொன்னான்: "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கொடுக்கப் புடிச்சி இழுத்தா, நடுவுல நண்டு இன்னாத்துக்கு ஆவும்?"

"நீ சும்மா கெட!" என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ரங்கம்மாள் தவிட்டைத் தொடவில்லை. பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"கஸ்தூரி, கோவப்படாம கேளு. நீ கூட்டிகினு போ. நான் தடுக்கல. ஆனா தவுட்ட இப்ப குடுக்காத."

"ஏன்?"

"கரையில, நம்ம அம்மன் காலடியில இருக்கறப்பவே எமன் ரெண்ட எடுத்துட்டான். நீ போறது நடுக்கடல். மருந்து குடுக்க ஆளில்ல, வேண்டிக்க கோயிலில்ல. இன்னிக்கு நீ இவன வாங்கிட்டா, இவன் கஸ்தூரி பெத்தவன்னு ஊருக்குத் தெரியும். எமனுக்கும் தெரிஞ்சிடும். அந்தக் கரை போயி சேர்ற வரைக்கும் எம்புள்ளையாவே போவட்டும். எறங்கினதும் தவுட்ட நீயே மண்ணுல கொட்டிடு. நான் இங்கேர்ந்து 'எடுத்துக்கடி'ன்னு சொல்லிக்கறேன்."

கஸ்தூரி முறத்தை எடுக்கக் குனிந்தாள். ஆனால் அதற்குள் அவள் கண், பிள்ளையின் விரல் ரங்கம்மாளின் காது மடலைத் தேடிப் போவதைப் பார்த்துவிட்டது.

"அவன் நல்லா இருக்கணும்னு சொல்றியா, இல்ல..."

"இல்ல, இன்னா? சொல்லு."

"இல்ல, கடல் மேலயும் அவன் ஒன் புள்ளையாவே இருக்கணும்னு சொல்றியா?"

ரங்கம்மாள் பிள்ளையின் கையைக் காதிலிருந்து எடுத்து, அந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும்தான்டி" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் கஸ்தூரி அவளை அங்கேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். உண்மையைச் சொன்னவளை என்ன செய்வது? தவிட்டை வாரி ஒரு துணியில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். 'கரைக்கு வருவே இல்ல? ஊர் ஜனம் பூரா நிக்கும். அத்தினி பேர் முன்னால ஒம்மடியில கொட்டி எம்புள்ளைய வாங்கறேன், இரு' என்று கறுவிக்கொண்டாள். அந்தக் காட்சியை மனத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ரங்கம்மாளின் முகம் முந்தியதைவிடச் சிறுத்துப் போயிற்று.

காலையில் கடல் கறுத்துக் கிடந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டின்மேல் அலை உடைந்து வெள்ளையாகக் கொதித்தது. அதற்கும் அப்பால் கப்பல் சின்னதாகத் தெரிந்தது. முதல் சலங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதைக் கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அலை அதை மூக்கோடு தூக்கிச் செங்குத்தாக நிறுத்தியது. கரையிலிருந்த பெண்கள், "ஆத்தா!" என்று கத்தினார்கள். படகு மறுபக்கம் விழுந்து காணாமற்போய், எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றபின் மறுபடி தென்பட்டது.

"இதெல்லாம் ஒரு அலையா?" என்று சிங்காரம் சிரித்தான். "ஏறுமே, ஏறு."

அவர்கள் படகில் கஸ்தூரிக்குப் பக்கத்தில் ஒருத்தி ஏற்கெனவே மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். பெயர் மரியம்மா. ஒல்லாந்தர் கோட்டைக்குள் துரை வீட்டில் சமையல் செய்தவள்; அந்தக் குடும்பத்தோடு பத்தாவிக்குப் போகிறாள். குப்பத்துச் சங்கதி எதுவும் தெரியாதவள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரங்கம்மாள் தண்ணீரில் இறங்கி வந்தாள். இடுப்புவரை நனைந்தாள். படகின் விளிம்பில் மார்பைச் சாய்த்துப் பிள்ளையைக் கஸ்தூரியின் மடியில் இறக்கினாள். அவன் அவள் காதை விடவில்லை. ஒவ்வொரு விரலாக அவளே பிரித்தாள். கடைசி விரலும் பிரிந்ததும் பிள்ளை வீறிட்டான். "ம்மா! ம்மா!" என்று கரைப்பக்கமாகத் துள்ளினான். கஸ்தூரி அவனை இறுக்கிப் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்க அவன் கத்தல் கூடியது.

"சோறு இறங்கலேன்னா, கொஞ்சம் புளித்தண்ணி தொட்டு வை" என்றாள் ரங்கம்மாள். "வயிறு உப்பினா..."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்டி. ஒனக்குத் தெரியாதுன்னா சொன்னேன்?"

அப்படியே நின்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, நனைந்த முந்தானையைப் பிழிந்து, இரண்டு கையாலும் விரித்துப் படகு விளிம்புக்கு மேலே ஏந்தினாள்.

"ராவெல்லாம் யோசிச்சேன்" என்றாள். "ஒரு உசுர கையில வெச்சிகினு ஒங்கிட்ட வீம்பு பண்ணக் கூடாது. பெத்தவ நீ. போடறதுன்னா போடு. வாங்கிக்கறேன்."

கஸ்தூரியின் கை இடுப்புக்குப் போயிற்று. முடிச்சு விரலில் பட்டது. எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தாள்! கரையில் ஊர் முழுக்க நிற்கிறது. மூத்தவள் பிச்சைக்காரி மாதிரி முந்தானையை ஏந்தி நிற்கிறாள். ஒரு பிடி போட்டால் போதும். இந்தக் கணத்திலிருந்து இவன் அம்மா என்று கத்தினால் அது இவளைத்தான் என்று அடித்துச் சொல்லலாம். முடிச்சை அவிழ்த்தே விட்டாள்.

படகு மெல்ல உயர்ந்து இறங்கியது. மணல்திட்டில் அடுத்த அலை உடைந்த சத்தம் கேட்டது. மடியில் பிள்ளை கனமாக இருந்தான், உதைத்தான், திமிறினான். இரண்டாவது பிள்ளை கடைசி நாளில் இதே மடியில் எவ்வளவு லேசாகக் கிடந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

மரியம்மா அழுகிற பிள்ளையின் பக்கம் குனிந்து, தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அடேயப்பா, இன்னா கத்து கத்துது! கண்ணு மூக்கு எல்லாம் ஒன்ன அப்படியே உரிச்சி வெச்சிருக்கே. ஒம்புள்ளையாம்மா?"

ரங்கம்மாள் முந்தானையை இன்னும் மடக்கவில்லை. சிங்காரம் துடுப்பைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். கஸ்தூரி தவிட்டு மூட்டையை மறுபடி இறுக்கி முடிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதை இடுப்பில் ஆழச் செருகினாள். பிறகு கரைக்கும் கடலுக்கும் சேர்த்துக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"இல்லம்மா, இவன் எங்க அக்கா புள்ள. தோ, தண்ணியில நிக்கறா பாரு, அவதான் அம்மா. நான் சின்னம்மா."