பதினேழாம் குழுவில் ஒருவர்

தொண்டையில் கத்தி பட்டதோடு வெண்கலத்தின் சத்தம் நின்றது.

வெண்கலம் என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். இருநூறு பேர் நெருக்கியடித்து உட்காரும் அரங்கில், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சின் தூக்கத்தைக் கலைக்கிற குரல் அந்த இயற்பியல் பேராசிரியருக்கு இருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு வகுப்புக்கு நாலைந்து வாக்கியம்தான். மீறினால் அதுவும் போய்விடும்.

வேலையை விட மனமில்லை. வேறு வழி தேடினார்.

கேள்வி திரையில் வரும். மாணவர்கள் தங்கள் போனில் விடையைத் தட்டுவார்கள். பிறகு ஐந்தாறு பேராகக் குழு சேர்ந்து வாதாடி, மறுபடியும் தட்டுவார்கள். தப்பாகச் சொல்ல யாரும் கூச்சப்படக் கூடாது என்பதால் எல்லோருக்கும் புனைபெயர். குழுவுக்குள் தட்டிக்கொள்ளும் பேச்சை, தான் எட்டிப்பார்க்க மாட்டேன் என்று முதல் நாளே திரையில் எழுதிக் காட்டி வாக்குக் கொடுத்திருந்தார்.

வித்தை பலித்தது. முதல் தடவை பாதிக்கு மேல் தப்பு. பேசி முடித்த பிறகு பெரும்பாலும் சரி. அத்தனை வருடம் கத்தியும் நடக்காத காரியம்! துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் அரங்கில் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. தலைகள் எல்லாம் வட்டம் வட்டமாகக் குனிந்திருந்தன. பக்கத்தில் போனால் பேச்சு அடங்கும். நகர்ந்தால் மறுபடி கிளம்பும். வீட்டிலும் அதே கதைதான். மனைவிக்கு வெளியூரில் வேலை. போனில் அவள் பேச, இவர் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தவறு கண்ணில் பட்டது.

ஏற்பாடு சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, 'சோதனை' என்ற பெயரில் ஒரு பொய் மாணவரை அவரே உருவாக்கியிருந்தார். அழிக்க மறந்துவிட்டார். இயந்திரம் பாகுபாடு பார்க்காமல் அந்தச் சோதனையையும் பதினேழாம் குழுவில் போட்டிருந்தது. அழிக்கலாம் என்று மேடையில் நின்றபடி போனைத் திறந்தார். ஒரு செய்தி காத்திருந்தது. எழுதியவள் 'மிளகாய்'.

"சோதனை, ஏன் வாயே திறக்க மாட்டேங்குற? நீ என்ன நினைக்குற?"

அவரிடம் யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. அன்றைய கேள்வி, மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன என்பது. வேண்டுமென்றே தப்பாகத் தட்டினார்.

"நின்னுடுச்சுல்ல, அப்ப பூஜ்யம்தானே?"

"முடுக்கமும் பூஜ்யம்னா அப்புறம் ஏன் கீழ விழுது? அங்கயே தொங்க வேண்டியதுதானே, லூசு!"

வெண்கலத்துக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு.

அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் சோதனை, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஏதாவது உளறினான். மிளகாய் திட்டினாள். 'குட்டியானை' என்ற பையன், வைத்துக்கொள்ள உனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று வாரினான். வாக்கை மீறுகிறோம் என்ற உறுத்தல் இல்லாமல் இல்லை. தெரிந்துபோனால் இருநூறு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள், வகுப்பே செத்துப்போகும். நாளைக்கு அழித்துவிடலாம் என்று தினமும் நினைத்தார்.

ஒரு நாள் குட்டியானை கேட்டான்: "வெண்கலம் ஏன்டா சும்மா குறுக்கயும் நெடுக்கயும் நடக்குறாரு?"

பதில் வருவதற்குள் சோதனை தட்டினான்: "பேச முடியலல்ல, அதான். அவருக்குப் பழகிடும்."

அடுத்த வகுப்பில் மிளகாய் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பதாக எத்தனை நாள் கதை விடுவாய், முகத்தைப் பார்க்காமல் என்ன குழு, எழுந்து வா, உனக்கு நாற்காலி போட்டிருக்கிறோம் என்று அடுக்கினாள். கடைசியாக ஒன்று எழுதினாள்: "தனியா உக்காந்து என்னத்த கிழிக்கப் போற? வா."

வெண்கலம் போனைச் சட்டைப்பையில் போட்டார். மேடையை விட்டு இறங்கினார். சொல்லிவிடலாம். சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள். எதுவானாலும் அவர் முகத்துக்கு நேராக இருக்கும்.

பதினேழாம் குழுவின் வட்டத்தில் ஒரு நாற்காலி காலி. அதன் முதுகில் கை வைத்தார். பேச்சு அடங்கியது.

"உக்காரலாமா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

மிளகாய் எழுந்து நின்றாள். முகத்தில் மரியாதை இருந்தது, அதைவிடச் சங்கடம் அதிகமாக இருந்தது.

"சார்... அது எங்க ஆளுக்கு. இன்னும் வரல சார்."

குட்டியானை போனைக் கவிழ்த்து வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்தப் போன்கள் நிமிரவே நிமிராது என்று அவருக்குப் புரிந்தது.

தலையசைத்துவிட்டு மேடைக்குத் திரும்பினார். போனை எடுத்தார். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை.

'சோதனை குழுவிலிருந்து விலகினார்.'

கீழே மிளகாய் போனைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி, பின்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். மேடைப் பக்கம் அவள் பார்வை வரவேயில்லை.