உம்மா இருக்கும்போதே

ஜமீலா பீவிக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று சொன்னவர் டாக்டர் இல்லை. கணவர் மைதீன் பிச்சைதான். மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது, இனி முழுதாகக் குணமாகாது என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னார். மருந்தோடு சமாளித்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார். அந்தப் பாதி மைதீன் பிச்சையின் காதில் ஏறவே இல்லை. குளச்சலுக்குத் திரும்பிய நாற்பதாம் நாள் மூத்த மகள் ஃபாஸிலாவுக்கு நிக்காஹ் முடித்துவிட்டார். உம்மா கண்ணால் பார்த்துவிட வேண்டும் அல்லவா? கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பெண், பரீட்சை எழுதாமலே புகுந்த வீட்டுக்குப் போனாள்.

ஏழு வருடம் ஆகிறது. ஜமீலா இருக்கிறாள். ஃபாஸிலா திட்டுவிளையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். போனில் “உம்மா, சுகமா?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இந்தத் தடவை ஸ்கேனில், கல்லீரலில் புதிதாக இரண்டு புள்ளிகள். டாக்டர் மாத்திரையை மாற்றினார். மறுநாள் காலையில் மைதீன் பிச்சையின் தங்கை மைமூன் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“மைனி, பையன் துபாய்ல சூப்பர்வைசர். அடுத்த மாசம் லீவுல வாறான். நம்ம ஷிஃபானாவுக்குப் பேசிருவோம். நீங்க இருக்கும்போதே நடக்கட்டு.”

“ஏழு வருஷம் முன்னயும் இதத்தான சொன்னிய? நான் என்ன செத்தா போனேன்?”

“நல்ல வார்த்த பேசுங்க மைனி.”

“இவளுக்கு நர்சிங் முடிய ஒண்ணர வருஷம் கெடக்கு. முடிக்கட்டு. ஒருத்திய கெடுத்தது போரும்.”

“அதுவர நீ இருப்பேன்னு யாரு எழுதித் தருவா?” என்றார் மைதீன் பிச்சை. குரலில் கோபம் இல்லை. யாராவது எழுதித் தந்தால் கை நீட்டி வாங்கிக்கொள்பவர் போலத்தான் கேட்டார்.

இதையே ஜமீலாவும் டாக்டரிடம் கேட்டிருந்தாள். ஆறு மாதமும் ஆகலாம், ஆறு வருடமும் ஆகலாம் என்றார்.

“ஏட்டி ஷிஃபானா, இங்க வா. படிச்சு முடிச்ச பொறவுதான்னு நீயே உனக்க மாமிட்ட சொல்லு.”

கஞ்சி வைத்துக்கொண்டிருந்த சின்ன மகள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். உம்மாவைப் பார்க்காமல் மைமூனிடம் கேட்டாள்.

“துபாய்க்குக் கூட்டிட்டுப் போவாவளா மாமி?”

“ஃபேமிலி விசா உண்டு மக்கா.”

“அப்பம் பேசுங்க.”

மைமூன் முகமெல்லாம் சிரிப்பாக, பையன் வீட்டுக்குப் போன் போட அண்ணனோடு வெளி அறைக்குப் போனாள். ஜமீலா மகளின் கையைப் பிடித்தாள்.

“வாப்பா மிரட்டினாரா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல்ல.”

“பின்ன?”

ஷிஃபானா வெளி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“பதிமூணு வயசுல இருந்து, ஸ்கூல் விட்டு வரும்போது தெரு முனையில நின்னு பாப்பேன் உம்மா, நம்ம வாசல்ல ஆளுக கூடி நிக்காவளான்னு. யாரும் இல்லன்னாதான் காலு நடக்கும். நேத்து காலேஜ்ல இருந்து வரும்போதும் நின்னேன். இனி என்னால முடியாது. எனக்கு ஒரு தூரத்து வீடு வேணும்.”

ஜமீலா பிடித்த கையை விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள் என்று சொல்லலாம். நான் நெடுநாள் இருப்பேன், பயப்படாதே என்றும் சொல்லலாம். முதலாவதைக் கேட்டால் பிள்ளை அழுவாள். இரண்டாவதைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் கிளம்புவாள். இரண்டில் எது உண்மை என்று ஜமீலாவுக்கே தெரியாது.

மைமூன் போனைக் கையால் பொத்திக்கொண்டு கதவருகே வந்தாள். “மைனி, பையனுக்க உம்மா இந்த ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரட்டான்னு கேக்கா.”

“இந்த ஞாயிறு வேண்டாம்,” என்றாள் ஜமீலா. “புது மாத்திர தொடங்கினா மொத வாரம் வாந்தி இருக்குமாம். அடுத்த ஞாயிறு வரச் சொல்லு.”