மெர்வினின் தொப்பியும் பதின்மூன்று டாலர் சாப்பாடும்

நோலீனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி, ஒரு மேசை, அதன்மேல் சூடாக ஏதாவது ஒன்று. சிட்னிக்கு வந்து மூன்று நாளாகியும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடவில்லை. நாற்காலி இருந்த கடையில் விலை மலையேறிக் கிடந்தது. விலை இறங்கிய கடையில் நின்றுகொண்டு தின்ன வேண்டியிருந்தது. எல்லாம் அவள் புருஷன் மெர்வினின் கைங்கரியம். நிங்கன் என்ற உள்நாட்டு ஊரில் நாற்பது வருஷம் செம்மறி ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தவன் அவன். பெருநகரத்துக்காரன் தன்னைக் கத்தரிக்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தான்.

இன்று காலை அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"மெர்வ், ரெண்டு மணிக்குள்ள என்னை ஒரு இடத்துல உட்கார வச்சு சாப்பாடு வாங்கிக் குடுக்கணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து முப்பது டாலர் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா நாளைக்குத் துறைமுகத்துல, வெள்ளைத் துணி விரிச்ச மேசையில, மீன். நீ விலைப் பட்டியலைத் தொடவே கூடாது."

மெர்வின் கைகுலுக்கி ஒப்புக்கொண்டான். மஞ்சள் சட்டை போட்ட கட்டட வேலைக்காரர்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் மலிவாகச் சாப்பாடு கிடைக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அப்படி இரண்டு மஞ்சள் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நடந்த தூரத்தில் கால் நனையாமல் நியூசிலாந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். கடைசியில் அந்த இருவரும் தங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாக்களை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மெர்வின் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வாய் கொடுப்பார்கள் என்று நினைத்தானோ என்னவோ.

அடுத்து, போன தடவை சாப்பிட்டதாகச் சொன்ன வியட்நாம் ரொட்டிக் கடை. அது இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டினார்கள். போன தடவை என்பது தங்கள் மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் என்பது நோலீனுக்கு அங்கே வைத்துத்தான் நினைவுக்கு வந்தது. அவள் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. மெர்வினோ, பசி நல்லதுதான், வாங்குகிற சாப்பாடு மிச்சமில்லாமல் போகும் என்றான். அவள் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். வாயைத் திறந்திருந்தால் அந்தத் தெருவே காலியாகியிருக்கும்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், நாயோடு வந்த ஒரு பெண்மணி வழி காட்டினாள். மூலை திரும்பினால் புல்தரையில் பந்து உருட்டுகிறவர்களின் கிளப். செவ்வாய்க்கிழமை மதியம் வறுத்த ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, குழம்பு எல்லாம் பதின்மூன்று டாலர். இரண்டு பேருக்கு இருபத்தாறு. மெர்வின் ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

இங்கே மெர்வினின் தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முயல்தோல் தொப்பி. அவன் வழுக்கையை மூடிய அது, நோலீன் சொல்லாமல் தலையை விட்டு இறங்காது என்று ஊரில் பேச்சு. ஊர்க் கிளப்பில் மட்டும் அது தானாகக் கழன்றுவிடும். அங்கே தலையில் தொப்பியோடு உள்ளே நுழைகிறவர், அங்கிருக்கிற எல்லோருக்கும் ஒரு கிளாஸ் மது வாங்கித் தர வேண்டும். மணியடித்து அதை அறிவிப்பதே மெர்வின்தான். புதிதாக வந்த பாதிரியாரிடமே அப்படிக் குடித்தவன். அவர் முகம் வாடினபோது, "சாப்பாட்டுச் செலவோட சேர்த்துக்குங்க ஃபாதர்" என்று தோளில் தட்டிக்கொடுத்தான். அங்கே கதவோரம் ஆணி இருக்கும். கை தானாகப் போய்த் தொப்பியை மாட்டிவிடும்.

இந்தக் கிளப்பில் கதவோரம் ஆணி இல்லை. விலைப் பலகை இருந்தது. வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட மெர்வினின் கண் பலகையில் ஒட்டிக்கொண்டது. நோலீனின் கண் அதற்கும் மேலே போனது. ஊர்க் கிளப்பில் இருப்பது போலவே பளபளவென்று ஒரு பித்தளை மணி தொங்கியது.

"மெர்வ், தொப்பி." தேவாலயம், வங்கி, ஆஸ்பத்திரி என்று நாற்பத்து நாலு வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் அவள் சொல்லி வந்த வார்த்தைதான். இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் குதிகால் சுரீரென்றது. வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

அவன் உள்ளே நாலு அடி வைத்ததும் மணி அடித்தது. முப்பத்தாறு நரைத்த தலைகள் நிமிர்ந்து பார்த்தன.

"கண்ணு, உன் தலையில என்னமோ உட்கார்ந்திருக்கு பாரு," என்றாள் மது ஊற்றுகிறவள்.

மெர்வின் தலையைத் தொட்டுப் பார்த்தான். கத்தரிக்கப்பட்ட ஆடு போல நின்றான். நடக்க முடியாத கிழவர்களெல்லாம் துள்ளிக் குதித்து வந்து வரிசையில் நின்றார்கள். குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஒருவர் அந்த டாக்டரையே கூட்டி வந்திருந்தார். அவருக்கும் ஒன்று.

எல்லாம் முடிந்து, நோலீன் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் ஆவி பறக்கிற இறைச்சியைக் கத்தியால் தொட்டபோது மெர்வின் வழக்காட ஆரம்பித்தான். சாப்பாடு இருபத்தாறுதான், குடித்தது வேறு கணக்கு, ஆகவே பந்தயம் தனக்கே என்றான்.

நோலீன் உருளைக்கிழங்கை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"சாப்பாட்டுச் செலவோட சேர்த்துக்குங்க ஃபாதர்."

 மெர்வின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்து உட்கார்ந்தான். எவனாவது தொப்பியோடு வராமலா போவான் என்றான். ஐந்து மணி வரை அசையவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் வெறுந்தலை. நோலீன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டாவது தட்டு இனிப்பு வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கும் இங்கயே வந்து பார்ப்போமா, நோல்?"

"நாளைக்கு மீன்," என்றாள் அவள். "தொப்பியைத் தாராளமாப் போட்டுக்கோ. அங்க மணி கிடையாது."