இடது குதிகால்

சோதித்துப் பார்க்கப் பாட்டைப் போட்டதுமே ஸ்பீக்கர் பெட்டிமேல் இருந்த லேப்டாப் விளிம்புக்கு நகர்ந்து வந்தது. டூஃபி பிடித்து நிறுத்தினாள்.

"அதுக்கும் ஆடணும்போல இருக்கு," என்றாள் போக்குவா. டூஃபியோடு ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவள்.

டூஃபி லேப்டாப்பை அணைத்துத் திருப்பினாள். அடியில் இருந்த ரப்பர் கால்கள் வெயிலில் பசை இளகி எப்போதோ விழுந்துவிட்டன. அவளே செருப்புப் பஞ்சில் வெட்டி ஒட்டியவையும் சூட்டில் தாளாக நசுங்கியிருந்தன. போன சனிக்கிழமை வேறொரு வீட்டு ஈமச்சடங்கில் அது நகர்ந்து கீழே விழுந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் தந்த நன்கொடையை அறிவிக்கும்போது பாட்டு நின்றது. மாம்போங் ஊர் முழுக்க அதே பேச்சு.

இன்று அவளுடைய அப்பாவின் ஈமச்சடங்கு.

அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஆம்ப்ளிஃபயரும் தாய்வழிச் சொத்து முறைப்படி அவருடைய அக்காள் மகன் பெடியாக்கோவுக்கு. அவன் குமாசி நகரத்தில் டைல்ஸ் விற்கிறான். அப்பாவோடு ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவள் டூஃபி. பெட்டிகளைத் தரமாட்டேன் என்று இந்த வாரம் குடும்பத்தார் முன்னால் சொன்னாள். குடும்பத் தலைவரான பெரியப்பா அஜாபோங் தாடையைச் சொறிந்தார்.

"சனிக்கிழமை சடங்குக்கு நீயே பாட்டு போடு. சாயங்காலம்வரைக்கும் நிக்காம ஓடுச்சுன்னா பெட்டி உன்கிட்டயே இருக்கட்டும். நின்னுச்சுன்னா வாயத் திறக்கக் கூடாது."

"அதான் போன வாரமே நின்னாச்சே," என்றான் பெடியாக்கோ. "பொம்பள கையில குடுத்தா லேப்டாப்பே எறங்கி ஓடுது."

"லேப்டாப் வைக்க மேசை கேட்டியா?" என்றாள் டூஃபி இப்போது.

"கேட்டேன். எல்லாம் நன்கொடை வாங்குற எடத்துக்குப் போயிடுச்சாம். பெடியாக்கோ சொல்லி அனுப்பிச்சான்." போக்குவா யோசித்தாள். "அடியில துணி விரிச்சா?"

"காத்து போகாது. சூடாகி அணைஞ்சிடும். டயர் ரப்பர்தான் வேணும்."

இருவரும் ஒரே நேரத்தில் அப்பாவின் அறைக் கதவைப் பார்த்தார்கள்.

அறையில் நாற்காலிமேல் அவருடைய துணி மடித்து வைத்திருந்தது. கீழே செருப்பு. தடித்த டயரில் அடிப்பாகம் வைத்துத் தைத்தது. மத்தியானம் பெடியாக்கோ அதைப் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் ஒரு சுற்று வருவான். அதற்குப் பிறகு அவன்தான் வாரிசு.

"அதத் தொடாதடி. சாபம்," என்றாள் போக்குவா.

"யாரு விடுவா? அப்பாவா? பாட்டு நின்னாத்தான் அவரு சபிப்பாரு."

இடது செருப்பின் குதிகாலைக் கத்தியால் நெம்பினாள். பெயர்ந்து வந்த டயரில் நான்கு துண்டு வெட்டி, வாசற்படியில் தேய்த்துச் சமமாக்கினாள். முன்னோர்களுக்கு ஊற்ற வைத்திருந்த சாராயத்தில் கொஞ்சம் எடுத்து லேப்டாப்பின் அடியிலிருந்த பழைய பசையைத் துடைத்தாள். பஞ்சர் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தினாள்.

மீதிச் சாராயத்தைப் பெரியப்பா மண்ணில் ஊற்றி முன்னோரை அழைத்து முடித்தார். பாட்டு தொடங்கியது. பந்தலின் தகரம் அதிர்ந்தது. பெட்டிமேல் போக்குவா வைத்திருந்த தண்ணீர் பாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. லேப்டாப் இருந்த இடத்தில் இருந்தது.

மத்தியானம் செருப்பைக் கொண்டுவந்தார்கள். பெடியாக்கோ போட்டுக்கொண்டு எழுந்தான். இடப்பக்கம் சாய்ந்தான். நின்று காலைப் பார்த்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்தான். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தபடி, ஓரடி விட்டு ஓரடி இடப்பக்கம் இறங்கி ஏறினான். அவன் ஆடுகிறான் என்று நினைத்த கிழவிகள், நன்றாக ஆடுகிறவர்களுக்குக் காட்டுவதுபோல் இரண்டு விரலை நீட்டி வாழ்த்தினார்கள். டூஃபி சத்தத்தைக் கூட்டினாள்.

சுற்று முடிந்ததும் நேராக அவளிடம் வந்தான்.

"செருப்ப என்ன பண்ணுன?"

"வெட்டுனேன்."

"எதுக்கு?"

"நீ மேசை தரல."

அவன் குனிந்து லேப்டாப்பின் அடியைப் பார்த்தான். "இப்பவே புடுங்கி எறியறேன்."

"புடுங்கு. உன் நன்கொடைய வாசிக்கப் போறாங்க. அந்த நேரம் பாத்துப் பாட்டு நிக்கட்டும்."

ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோது பெரியப்பா வந்தார். கையில் செருப்பு. பின்னால் பெடியாக்கோ, வெறுங்காலோடு.

"நீதானா?"

"நான்தான்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் குதிகாலில் விரலை விட்டுப் பார்த்தார். "பாட்டு நின்னுச்சா?"

"இல்ல."

"மாமா, அதுக்காக இவ..." என்று தொடங்கினான் பெடியாக்கோ.

பெரியப்பா செருப்பை அவன் கையில் கொடுத்தார். "இது மட்டும்தான் உன்னுது," என்றார். தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

டூஃபியும் போக்குவாவும் ஒயரைச் சுற்றினார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார்கள். பெடியாக்கோ நின்று பார்த்தான். யாரும் தடுக்கவில்லை.

லேப்டாப் இருந்த பெட்டி கடைசி. டூஃபி லேப்டாப்பை எடுக்கப் போனாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.