புல்லுக்கு அடித்த மருந்து

பீன்ஸ் செடி மூன்றாவது இலை விட்டபோதே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. இலை விரியவில்லை. கைக்குழந்தை விரல்களை மடக்கி வைத்திருப்பதுபோல ஓரமெல்லாம் உள்ளே சுருண்டு, நுனி முறுக்கிக்கொண்டு நின்றது. பூச்சி இல்லை, புள்ளி இல்லை, தண்ணீருக்கும் குறை வைக்கவில்லை. எரு போட்ட நான்கு பாத்தியும் அப்படி. எரு எட்டாத ஓரத்தில் விதை சிதறி முளைத்த ஏழெட்டுச் செடிகள் மட்டும் கொழுகொழுவென்று நின்றன.

என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். "எருதான்" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு கறந்துகொண்டிருந்த அவருடைய அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, அது கேட்காமல் இருந்திருக்காது.

பாகம் பிரித்தபோது எங்களுக்கு நிலம், அண்ணிக்கு மாடுகள். நடுவில் ஒரு வேலிதான். ஆனாலும் எட்டு வருடமாக அண்ணியின் சாணம் மழையில் கரைந்து ஓடியது; நாங்கள் மூட்டை மூட்டையாக உரம் வாங்கினோம். நாங்கள் அறுத்த சோளத்தட்டையைக் கொளுத்தினோம். அண்ணி தீவனம் தேடி அலைந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. 'பாதி நிலத்தில் மாட்டுக்குப் புல் போடுவோம், சாணத்தை மீதி நிலத்துக்குக் கொடுங்கள், மருந்து என்ற பேச்சே வேண்டாம்' என்று நான்தான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பாகம் பிரித்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரு பந்தியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாய்தான் இப்போது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏனென்றால் மருந்து அடித்தவள் நான். மழைக்குப் பிறகு புல்லை மூடிக்கொண்டு களை வந்தது. குனிந்து குனிந்து என் முழங்கால் விட்டுப் போனது. கடைக்காரர் ஒரு கேனை எடுத்து வைத்து, "புல்லுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அகல இலைக் களை மட்டும் கருகிடும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்காரரும் அண்ணியும் வெளியூர் போயிருந்த அன்று அடித்தேன். களை கருகியது, புல் தழைத்தது. அறுத்துப் போட்டேன். மாடுகள் தின்றன, பாலும் குறையவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணி வேலியோரம் வந்தார். "நாளைக்குக் காலையில மாட்டு வியாபாரி வர்றாரு. என் மாட்டால தம்பி பயிர் போச்சுன்னா, எனக்கு அந்த மாடு எதுக்கு?" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

அண்ணி போனதும் கொட்டகைக்குள் போய்க் கேனைத் தேடி எடுத்தேன். சேற்றைத் துடைத்து, வீட்டுக்காரரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எறும்பு வரிசைபோல அத்தனை சின்ன எழுத்து. இந்த மருந்து அடித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் மருந்து அப்படியே தங்கும், ஒன்றரை வருடத்துக்கு அவரை, பீன்ஸ், தக்காளிக்குப் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. மாட்டின் வயிற்றையே ஏமாற்றிவிட்டு வெளியே வந்த விஷம் அது.

காலையில் வண்டி வந்து நின்றபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமே என்று நின்றேன். வியாபாரி செவலைப் பசுவின் கயிற்றை அவிழ்த்தார். அது நகர மறுத்தது. வாயில்லாத ஜீவனுக்கு இருக்கிற பிடிவாதம்கூட எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

"அண்ணி, மாடு மேல தப்பு இல்ல. புல்லுக்கு நான் மருந்து அடிச்சேன்" என்றேன். கேனை நீட்டினேன். மீதியை அழுதுகொண்டே சொன்னேன்.

"நீயா?" என்றார் வீட்டுக்காரர். வியாபாரி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, "நீங்க பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

அண்ணி கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மக்காச்சோளத்துக்கு இந்த எரு ஆகுமா?"

"ஆகும் அண்ணி. புல்லு ஜாதிக்கு ஒண்ணும் பண்ணாதாம்."

"குவியலோட அடியில பழைய எரு கிடக்கு, அது நீ மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி போட்டது. தம்பி, அதை எடுத்துப் புதுப் பாத்தி போடு. விதை நான் தரேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் மேல கோபம் இல்லைன்னு நினைக்காத. நிறைய இருக்கு. ஆறட்டும்." கயிற்றை என் கையில் திணித்தார். "பிடி. இனிமே புல்லுல களை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிடுங்கணும்."

செவலை என்னை இழுத்துக்கொண்டு நடந்தது. பாதி வழியில் நின்று, வாலைத் தூக்கி, பொத்தென்று சாணம் போட்டது. ஆவி பறந்தது. கூடையோடு பின்னால் வந்த அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் குனிந்தோம். சாணத்தைக் கூடையில் அள்ளி நிமிர்ந்து நின்றோம். இரண்டு கைப்பிடிகளில் ஆளுக்கு ஒன்று. பழைய எருக் குவியலிலா, மக்காச்சோளத்துக்குத் தனியாகவா, எங்கே கொட்டுவதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணியின் வாயோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேசாகத் துடித்தது.