உடன் இருப்பவர்

எங்கள் வீட்டில் மருமகள் எனக்குச் செய்கிற மரியாதை ஒன்று உண்டு. நான் எழுந்தால் போதும், "நீங்க உக்காருங்க அத்தை" என்பாள். பாத்திரத்தைத் தொட்டால் உக்காருங்க, பேத்திக்குத் தலை வாரப் போனால் உக்காருங்க. முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளி அலுவலகத்தைக் கட்டி மேய்த்தவள் நான். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் சோபாவுக்கு உறை மாதிரி ஆகிவிட்டேன். கணவரிடம் சொன்னால், "நல்லதுக்குத்தானே சொல்றா" என்பார். அவருக்கு உட்காருவது பிடிக்கும்.

அந்த எரிச்சலில்தான் பொது மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் சேவை மனப்பான்மை என்று எழுதினேன். ஊருக்கு உழைக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

துணைக்கு ஆள் இல்லாமல் வருகிற ஏழை நோயாளிகளின் பக்கத்தில் இருப்பது எங்கள் வேலை. மருந்துச் சீட்டோடு ஓட வேண்டும், வெந்நீர் பிடித்து வர வேண்டும், ஆபரேஷன் முடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். நோயாளியின் தாளில் 'உடன் இருப்பவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். பச்சைக் கோட்டு, வாரத்துக்கு இரண்டு நாள். கண்டிப்பான விதி ஒன்றே ஒன்று. நோயாளி தன் சொந்தக்காரர் யாரைப் பற்றியாவது வாய் திறந்தால் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். சொந்தம் வருகிறவரைக்கும்தான் நீங்கள் துணை என்று பயிற்சியில் மூன்று தரம் சொன்னார்கள். நான் மூன்று தரமும் தலையாட்டினேன்.

போன முதல் வாரத்திலேயே என் நடை மாறிவிட்டது. வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ், "வந்துட்டீங்களாம்மா, நல்ல வேளை" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். கட்டிலில் கிடப்பவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். வீட்டில் யாரும் என் கையைப் பிடித்து எத்தனை காலம் ஆகிவிட்டது! இரண்டு நாள் நான்காயிற்று, நான்கு ஆறாயிற்று. "சம்பளமே இல்லாத வேலைக்கு ஓவர்டைம் வேறயா?" என்றார் கணவர். எனக்கு இரவில் தூக்கம் நன்றாக வந்தது, முழங்கால் வலிகூடக் காணாமல் போயிருந்தது.

அப்போதுதான் இஸ்திரியம்மா வந்தாள். தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். பித்தப்பையில் கல். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. "சாதாரண ஆபரேஷன்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "யாருக்கா இந்தக் கோட்டைத் தேய்ச்சது?"

"நான்தான். ஏன்?"

"காலரை நுனியிலேருந்து உள்ள தேய்க்கணும். நீங்க உள்ளேருந்து வெளிய இழுத்திருக்கீங்க. அதான் நாய் காது மாதிரி நிக்குது."

வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் படுத்திருந்தாலும் அவள் கை சும்மா இருக்காது, போர்வையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் நாங்கள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். யாரும் இல்லையா என்று கேட்டதற்கு, "இல்லக்கா" என்று முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை நான் கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய சலவைச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது.

"எனக்கு ஒரு பையன் இருக்கான். அஞ்சு வருஷமாப் பேச்சில்ல. வெளியூர்ல லாரி ஓட்டுறான். கத்திகிட்டப் போறதுக்கு முன்னால ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டா நல்லாருக்கும்." உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அதான் நீங்க இருக்கீங்களே."

நர்ஸின் மேஜையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். நர்ஸ் அங்கேயே இருந்தாள், என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். நான் சீட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. வழியெல்லாம் என் காதில் 'நீங்க இருக்கீங்களே' என்பது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அஞ்சு வருஷமாக எட்டிப் பார்க்காதவன் இப்போது வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறான்? அவன் வந்தால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற என் நாற்காலியில் அவன் உட்காருவான். என்னைப் பார்த்து, "நீங்க போய் உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்பான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போதே அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பேசினீங்களாக்கா?"

வாய் கூசாமல் சொன்னேன். "அடிச்சுப் பாத்தேன். எடுக்கல."

"எத்தன தரம்?"

"ரெண்டு மூணு தரம்."

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் போர்வையை நீவினாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

அன்றே திருத்தியிருக்கலாம். ஒரு போன்தானே! ஆனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆபரேஷன் முடியட்டும், அவள் நல்லபடியாகக் கண் விழிக்கட்டும், பிறகு நானே அவனைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்தவள் என்று வார்டே பேசும். இப்படியும் ஒரு புத்தி போகுமா என்று கேட்பீர்கள். எனக்குப் போயிற்று.

புதன்கிழமை என் கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, மடியில் வைத்துக் காலரைக் கையாலேயே அழுத்தி அழுத்திச் சரிசெய்து கொடுத்தாள். "அவன் மேல தப்பில்லக்கா. நான் பேசின பேச்சு அப்படி" என்று மட்டும் சொன்னாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டு போனார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். இதயம் தாங்கவில்லை என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. "சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

வராந்தாவுக்குப் போய் அந்தச் சீட்டை எடுத்தேன். நம்பரைப் போட்டேன். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டான்.

நான்கு மணி நேரப் பயணம். மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தான். அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. உள்ளே போய் உடலைப் பார்த்துவிட்டு வார்டுக்கு வந்தான். அழுது முடித்து முகம் கழுவியிருந்தான். நர்ஸ் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல, நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா உங்கள அக்கான்னுதான் கூப்பிடுவாங்களாமே. அப்ப எனக்குப் பெரியம்மா. கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. யாருமில்லாமப் போயிடலங்கறதே எனக்குப் போதும் பெரியம்மா. நான் இந்த நம்பர மாத்தவே இல்ல. என்னிக்காவது கூப்பிடுவாங்கன்னு அப்படியே வச்சிருந்தேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் நான் தெய்வமாகத் தெரிந்திருப்பேன். எந்த மரியாதைக்காக நான் ஆலாய்ப் பறந்தேனோ, அது அத்தனையும் அந்த நிமிஷம் என் கையில் இருந்தது. பேசாமல் நின்றாலே போதும், எல்லாம் எனக்கே இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றான். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

கையை உருவிக்கொண்டேன்.

"திங்கக்கிழமையே நம்பரக் குடுத்தாங்கப்பா. உன்னைப் பாக்கணும்னாங்க. நான் கூப்பிடல."

அவனுக்கு விளங்கவில்லை. "கூப்பிடலன்னா... லைன் கிடைக்கலயா?"

"அடிக்கவே இல்ல. அடிச்சேன், நீ எடுக்கலன்னு அவங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்பான் என நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் அதைக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அப்ப நான் எடுக்கலன்னு நெனச்சுக்கிட்டேதான் போனாங்களா?"

"ஆமாப்பா" என்றேன்.